லாக்ஸ்டன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு குடும்பத்தோடு லாக்ஸ்டன் போயிருந்தோம். நாட்டிங்ஹாம்ஷயரில் ஒரு சின்ன ஊர். கோட்டை இருக்கிறது என்றார்கள், போய்ப் பார்த்தால் வெறும் புல்மேடு. ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, அவ்வளவுதான். பிள்ளைகள் அரைமணி நேரத்தில் காருக்குத் திரும்பிவிட்டார்கள். வேலியே இல்லாத வயல்களில் அந்தக் காலத்து மக்கள் எவ்வளவு ஒற்றுமையாக வாழ்ந்தார்கள் என்று நினைத்தபோது மட்டும் மனம் நெகிழ்ந்தது. ராபின் ஹூட்டையும் சேர்த்து ஒரு பயணக்கட்டுரை எழுதி இணைத்திருக்கிறேன். இப்படி ஒன்றுமில்லாத ஊரைப் பற்றி எப்படி எழுதுவது?

எஸ்., நாட்டிங்ஹாம்

அன்புள்ள எஸ்.,

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அப்படி ஒரு ஊருக்குப் போகத் தோன்றியதே, அதற்காக முதலில் உங்களைப் பிடித்துப்போனது. கட்டுரையைப் படித்ததும் கோபம் வந்தது. கோட்டைக்கு நான்கு பத்தி, வயலுக்கு நான்கு வரி. அது பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் எழுப்பிய மண்மேட்டுக் கோட்டை. ஷெர்வுட் காட்டைக் காக்கும் உரிமை பெற்ற குடும்பம் அங்கே இருந்தது. போதும், விடுங்கள்.

அந்தத் தெருவில் நடந்தீர்களே, பண்ணை வீடுகளெல்லாம் ஊருக்குள்ளேயே வரிசையாக நிற்பதைக் கவனித்தீர்களா? இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் பண்ணைவீடு தன் வயலுக்கு நடுவே தனியாக நிற்கும். லாக்ஸ்டனில் அது முடியாது. மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய திறந்த வயல்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்றிலும் பட்டை பட்டையாக நிலம் சிதறிக் கிடக்கும். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைப்பது, மூன்றாவது தரிசு. அடுத்த வருடம் சுற்று மாறும். எந்த வயலுக்கு நடுவே போய் வீடு கட்டுவது?

நீங்கள் ‘ஆதிகால ஆங்கிலேய நிலக்காட்சி’ என்று உருகியிருக்கும் வேலிச்செடிகள் அந்தப் பக்கத்து ஊர்களில் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வந்தவை. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு 68 லட்சம் ஏக்கர் திறந்த வயலையும் பொதுநிலத்தையும் வேலி போட்டு வளைத்தார்கள். லாக்ஸ்டனிலும் ஒரு பகுதி போனது. மிச்சம் தப்பியதற்கு ஊராரின் ஒற்றுமை காரணமில்லை. இரண்டு பெரிய நிலப்பிரபுக்களுக்குள் ஒத்துப்போகவில்லை, அதுதான்.

இந்த ‘ஒற்றுமை’யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நவம்பர் கடைசியில் ஒருநாள் அங்கே போயிருக்க வேண்டும் நீங்கள். ஊர் விவசாயிகளிலிருந்து தேர்ந்தெடுத்த ஜூரிகள் டிராக்டர் இழுக்கும் வண்டியில் ஏறி, புதிதாகக் கோதுமை விதைத்த வயலுக்குப் போவார்கள். யார் பாதையை உழுதிருக்கிறார், யார் பொதுப் புல்தரையில் கலப்பையை விட்டிருக்கிறார், யார் பக்கத்துக்காரன் பட்டையில் ஒரு சால் தள்ளி ஓட்டியிருக்கிறார் என்று குனிந்து பார்ப்பார்கள். பார்வையிலேயே கோடு பிடித்து, எல்லையில் மரச்சுத்தியலால் முளைக்குச்சி அடிப்பார்கள். பிறகு நீங்கள் பார்த்த அதே மதுக்கடையில் சாப்பாடு. ஒரு வாரம் கழித்து அதே கடையில் ஊர் நீதிமன்றம் கூடும், அபராதம் விதிக்கும், அடுத்த ஆண்டுக்கான ஜூரிகள் சத்தியம் செய்வார்கள். 1977இல் இத்தகைய பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தைச் சட்டம் பறித்தபோதும் லாக்ஸ்டனுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

பக்கத்துக்காரன் திருடுவான் என்று தெரிந்துகொண்டு கட்டிய ஏற்பாடு இது. என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வரப்புக்காகப் பல வருடம் பேசாமல் இருந்தவர்கள். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார். அடுத்த உழவில் கல் சாய்ந்தது, அதற்கடுத்ததில் காணாமலே போனது. அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் கிணற்றடியில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வீட்டுக்கு வருடத்துக்கு ஒருமுறை நாலு பேர் வந்து எல்லோர் கண்ணெதிரில் முளை அடித்து, கையோடு சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் என் பெரியப்பா சாவுக்கு அப்பா வாசலோடு நின்றிருக்க மாட்டார்.

பொதுநிலத்தை விட்டால் ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக ஓட்டிவந்து மொட்டையடித்துவிடுவார்கள் என்று 1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் எழுதினார். அதைப் பொருளாதாரம் படித்த பிள்ளைகள் வேதம்போல ஒப்பிக்கிறார்கள். நீங்கள் நெகிழ்கிறீர்கள், அவர்கள் நம்பிக்கை இழக்கிறார்கள். இரண்டு பேர் கணக்கிலும் அந்த மரச்சுத்தியல் இல்லை.

அதற்காக இதைக் குடியாட்சி என்று எழுதிவிடாதீர்கள். நிலம் அவர்களுடையது அல்ல, குத்தகை. 1952இல் மேன்வர்ஸ் பிரபுவிடமிருந்து வேளாண் அமைச்சகம் வாங்கியது, 1981இல் அது அரசகுடும்பத்துச் சொத்தை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது, 2020இல் பழைய பிரபு குடும்பத்தின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சின்னப் பட்டைகளை இணைத்துப் பெரிதாக்கியும் இருக்கிறார்கள். ஊரை விலைக்கு வாங்கிய சர் வில்லியம் கோர்ட்டனுக்காக 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த வரைபடத்தைப் பாருங்கள். பட்டை பட்டையாக நிலம், அதன் மேல் நகமளவு மனிதர்கள் உழுகிறார்கள், அறுக்கிறார்கள். இன்னொரு பக்கம் பிரபுக்கள் வேட்டையாடுகிறார்கள். அசல் ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். நவம்பரில் மறுபடி போங்கள், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. முன்கூட்டியே ஊரில் கேட்டுவிட்டுப் போங்கள், அது அவர்கள் வேலைநாள். ஜூரிகளில் ஒருவரிடம் இந்த வருடம் யாருக்கு அபராதம், எதற்கு என்று விசாரித்து எழுதுங்கள். ராபின் ஹூட் பத்தியை எடுத்துவிட்டு அனுப்புங்கள், படிக்கிறேன்.