6 புள்ளிதான் போட்டிருக்கிறார்கள், மேன்முறையீடு செய்யலாமா?

"இங்கிலாந்தில் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை எடுக்கிறோம். முதுகுத்தண்டு நோயால் என் கணவர் தடி ஊன்றித்தான் நடக்கிறார். வேலை செய்யும் திறன் பரிசோதனையில், நடைக்கு மட்டும் 6 புள்ளி போட்டு, வேலைக்குத் தகுதியானவர் என்று கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்வது?"

மேன்முறையீடு செய்யுங்கள், சகோதரி. ஆனால் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. கடிதத்திலுள்ள திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், முடிவை மறுபடி பார்க்கும்படி, உதவித்தொகை கொடுக்கும் திணைக்களத்திடம் (DWP) கேட்க வேண்டும். மேன்டேட்டரி ரீகன்சிடரேஷன் (கட்டாய மறுபரிசீலனை) என்பது இதுதான். யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பகுதியான ஜேர்னலில் எழுதலாம். பரிசோதகரின் அறிக்கையையும் கூடவே கேட்டு வாங்குங்கள். அதைப் படிக்காமல் எதை மறுப்பதென்றே தெரியாது.

6 புள்ளி என்றால் 200 மீட்டர் வரை நடப்பார் என்று எடுத்திருக்கிறார்கள். வேலை செய்ய இயலாதவர் என்று ஏற்கத் தேவை 15. நூறு மீட்டரோடு நிற்பவருக்கு 9, ஐம்பதோடு நிற்பவருக்கு 15. அந்த ஐம்பது மீட்டர் நிரூபணமானால், வேலை தேடும் நிபந்தனை இல்லாத, கூடுதல் பணமும் கிடைக்கும் பிரிவுக்கே போய்விடுவார்.

"கடைக்கு நடந்து போவேன்" என்று சொல்லியிருப்பார், அதுவே அறிக்கையில் ஏறியிருக்கும். வழியில் பஸ் தரிப்பிடத்தில் குந்தியதும், பால் வாங்கி வந்தபின் பின்னேரம் முழுக்கக் கட்டிலில் கிடந்ததும் ஏறியிருக்காது. எங்கள் ஆட்கள் யார் கேட்டாலும் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்பார்கள். அந்தப் பதிலாலேயே புள்ளி இழந்தவர்களை நினைத்தால் மனம் நோகிறது. ஒருமுறை நடந்தால் போதாது. நியாயமான நேரத்துக்குள் திரும்பத் திரும்ப நடக்க முடிய வேண்டும் என்பதே விதி. ஒரு கிழமைக்கு எழுதி வையுங்கள்: எங்கே நின்றார், எத்தனை நிமிடம், அடுத்த நாள் எப்படி.

இன்னொன்று: கையால் தள்ளும் சக்கர நாற்காலியில் போகலாமே என்றும் பார்ப்பார்கள். தோளோ கையோ அதற்கு இடம் கொடாதென்றால் ஜிபியின் (குடும்ப வைத்தியரின்) கடிதத்தில் அது இருக்கட்டும். நோயின் பெயர் மட்டுமுள்ள கடிதம் பெரிதாக உதவாது.

மறுபரிசீலனையிலும் மறுத்தால், அந்த அறிவிப்புத் திகதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு எழுதுங்கள். கட்டணம் இல்லை. நேரில் விசாரணை வேண்டும் என்றே கேளுங்கள். நீதிபதியோடு ஒரு வைத்தியரும் இருப்பார், அவர் முன் கணவரே பேசட்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று படிவத்திலேயே குறித்தால் இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். மொழிபெயர்க்க மகனை நம்பி விட்டுவிடாதீர்கள்.

முடிவு எடுக்கப்பட்ட அன்று அவர் எப்படி இருந்தார் என்பதைத்தான் தீர்ப்பாயம் பார்க்கும். அதற்குப் பிறகு நோய் கூடியிருந்தால், ஜேர்னலில் அதைத் தனியாக அறிவியுங்கள்.