பார்கோடு படிக்கும் வேலைக்கா என் மகள் படிக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

சரக்குப் போக்குவரத்து மேலாண்மை படிக்க விரும்பும் தங்கள் மகள், கடைசியில் ஏதோ ஒரு கிடங்கில் பெட்டி பெட்டியாக ஸ்கேனரைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிடுமோ என்று அஞ்சி எழுதியிருக்கிறீர்கள். தங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த ஸ்கேனர் எதைப் படிக்கிறது, எதைப் படிக்க அதனால் இயலாது என்பதை அறிந்துகொண்டால், இத்துறையில் மனிதருக்கான வேலை எங்கே இருக்கிறது என்பது தங்களுக்கே விளங்கும்.

கடையில் வாங்கிய ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கோடுகளின் அடியில் பெரும்பாலும் 13 இலக்கங்கள் இருக்கும். அவற்றில் பொருளின் பெயரும் இல்லை, விலையும் இல்லை. அடையாள எண் மட்டுமே உண்டு. பெயர், விலை, கையிருப்பு அனைத்தும் அந்த எண்ணுக்கு நேராகக் கணினியின் தரவுத்தளத்தில் பதிந்திருப்பவை. கோடுகளாக அச்சிடப்படும் ஒவ்வோர் இலக்கமும், ஏழு சம கட்டங்களின் அகலத்துக்குள் இரண்டு கறுப்புக் கோடுகளும் இரண்டு வெள்ளை இடைவெளிகளுமாக அமைகிறது.

கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு உரியது. 123456789012 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டினால் 26. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 22, அதை மூன்றால் பெருக்க 66. ஆக மொத்தம் 92. அதை அடுத்த பத்தின் மடங்கான 100 ஆக்க 8 தேவை என்பதால் 13-ஆவது இலக்கம் 8. ஏதேனும் ஓர் இலக்கம் தவறாகப் பதிவானால் இந்தக் கணக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அடுத்தடுத்து நிற்கும் 1, 6 போன்று ஐந்து வேறுபாடுள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டால், இதே கணக்கு அதைக் கவனிக்காமல் விட்டுவிடும்.

பொட்டலத்தைத் தாண்டி அட்டைப்பெட்டிக்குப் போனால் எண் 14 இலக்கமாகிறது. பல பெட்டிகளை அடுக்கிய பேலட்டுக்கோ (சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டு), அந்த ஒரு சுமைக்கே உரிய 18 இலக்க எண் உண்டு. பெட்டியின் மேல் உள்ள நீளமான பார்கோட்டில் 17 என்ற முன்குறியீடு வந்தால், அடுத்து வரும் ஆறு இலக்கங்கள் காலாவதித் தேதி. 10 என்று வந்தால் பேட்ச் எண், அதாவது ஒன்றாகத் தயாரான தொகுதியின் எண். ஆகவே '17270331' என்பதைப் பார்த்ததும் 2027 மார்ச் 31 என்று படிக்கத் தெரிந்தவர், எந்தப் பெட்டியை முதலில் அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிவிடுவார்.

இனி, தங்கள் மகளுக்கான வேலைக்கு வருகிறேன். இரண்டு சுவைகளில் வரும் ஒரே விலைப் பொட்டலங்களில், ஒவ்வொரு சுவையிலும் இரண்டு விற்கப்படும்போது, ஊழியர் அவசரத்தில் ஒன்றையே நான்கு முறை ஸ்கேன் செய்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தொகை சரியாகவே வரும். கணினியும் பிழை என்று சொல்லாது. ஆனால் ஒரு சுவை அலமாரியில் இருந்தும் கணக்கில் இல்லாமல் போகும், மற்றொன்று கணக்கில் இருந்தும் அலமாரியில் இருக்காது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதும், அது எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று பின்னோக்கித் தேடுவதும், மீண்டும் நேராதபடி நடைமுறையை மாற்றுவதும்தான் இருப்புக் கட்டுப்பாட்டுப் பணி.

வெறும் ஸ்கேன் செய்யும் வேலை குறைந்துகொண்டுதான் வருகிறது. பெரிய கிடங்குகளில், பெட்டிகளை நகர்த்திச் செல்லும் கன்வேயர் பட்டையின் மேல் பொருத்திய கருவிகளே அதைச் செய்துவிடுகின்றன. இதை மறைத்துத் தங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. அதே வேளையில், 1974 ஜூன் 26 அன்று ஒரு கடையில் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்ட அந்தப் பொருள் பார்கோடு, இப்போது பேட்ச் எண்ணையும் தேதியையும் சேர்த்துச் சுமக்கும் சதுரக் குறியீடுகளுக்கு வழிவிடத் தொடங்கியிருக்கிறது. பதிவாகும் தகவல் பெருகப் பெருக, அதைப் புரிந்து கையாளத் தெரிந்தவர்களின் தேவையும் பெருகும் என்பதே என் உறுதியான கணிப்பு.

சேர்க்கைக்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கிடங்கு மேலாண்மை மென்பொருளில் நேரடிப் பயிற்சி, தரவுத்தளத்திலிருந்து வேண்டிய தகவலைக் கேட்டுப் பெறும் வினவல், விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்), இருப்புக் கணக்கெடுப்பு ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு கல்லூரியைத் தேடுங்கள். படிப்பு முடிந்த முதல் சில மாதங்கள் அவள் ஸ்கேனரோடு கிடங்கில் நிற்க நேரலாம். அதைத் தயவுசெய்து தடுக்காதீர்கள், ஏனெனில் பிழைகள் எங்கே பிறக்கின்றன என்பதை அவள் நேரில் காணும் காலம் அதுவே.