டிலியிலிருந்து டார்வினுக்கு: ஆட்களை ஏற்றுவதில் என்ன வில்லங்கம்?

வெள்ளவத்தையில் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் 1975 இல் போர்த்துக்கலின் கையிலிருந்த கிழக்குத் திமோரில், தலைநகர் டிலியிலிருந்து சண்டைக்குத் தப்பியோடிய சனங்கள் பற்றிப் பேச்சு வந்தது. கோட்டையில் கப்பல் முகவர் நிலையத்தில் காலம் கழித்தவன் என்பதால் பதில் சொல்வது என் தலையில் விழுந்தது. கேள்வி கேட்டவர்களை அவரவர் இருக்கும் இடத்தின் பெயரால் குறித்திருக்கிறேன்.

தெமட்டகொடை: சண்டையில் மாட்டிய சனங்களைக் காப்பாற்றுவதில் என்ன இராஜதந்திரச் சிக்கல், ஐயா?

யாரிடம் அனுமதி கேட்பது என்பதுதான் முதல் தலையிடி. 1975 ஓகஸ்ட் 11 இல் யூ.டி.டி. (திமோர் ஜனநாயக ஒன்றியம்) என்ற கட்சி டிலியில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தது. சுதந்திரம் கேட்ட போட்டிக் கட்சியான ஃபிரெட்டிலின் திருப்பியடித்தது. சட்டப்படி அந்த மண் போர்த்துக்கலுடையது. போர்த்துக்கலின் ஆளுநரோ மாதம் முடியுமுன் அத்தாவுரோ தீவுக்குப் போய்விட்டார். துறைமுகத்தைப் பிடித்து வைத்திருப்பவனிடம் கேட்டால், அவனை அரசாக ஏற்றுக்கொண்டதாகப் பேச்சு வரும். கேட்காமல் போனால் சூடு விழும்.

கொட்டாஞ்சேனை: அப்போ அவுஸ்திரேலியாவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்?

வணிகக் கப்பல்களில்தான் அதிகம். லொயிட் பாக்கே என்ற நோர்வே சரக்குக் கப்பல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை டார்வினில் இறக்கியது. சரக்குக் கப்பலில் அத்தனை பேர் என்றால் என்னவென்று, 83 கலவரத்தின்போது இங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலேறிய எங்கள் வீட்டாரைக் கேளுங்கள்: கால் நீட்ட இடமில்லை, கழிப்பறைக்குத் தளம் முழுக்க வரிசை. டார்வினும் டிரேசி சூறாவளியில் சிதைந்து எட்டு மாதந்தான் ஆகியிருந்தது. ஆனால் நோர்வேக் கொடி கன்பராவிலிருந்த அவுஸ்திரேலிய அரசுக்கு வசதி. அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் போயிருந்தால், தீவின் மேற்குப் பாதியை வைத்திருந்த இந்தோனேசியா சும்மா இருந்திருக்குமா?

பம்பலப்பிட்டி: செஞ்சிலுவைக் கொடி போதாதா?

செப்டெம்பர் 4 இல் கிழக்குத் திமோரின் பவுகாவு நகரில் நடந்ததைப் பாருங்கள். செஞ்சிலுவைப் பணிக்காக இறங்கிய அவுஸ்திரேலிய விமானப்படையின் கரிபூ விமானத்தை யூ.டி.டி. சிப்பாய்கள் மடக்கி, டார்வினுக்கு ஓட்டச் சொன்னார்கள். விமானிகள் வேறு என்ன செய்வது, ஓட்டினார்கள். இறங்கியவர்கள் அகதிகளா, தோற்ற படையா? விமானமோ அரசாங்கத்துடையது. எதிர்த்தரப்பு சந்தேகப்பட இது போதாதா?

கிருலப்பனை: இந்தோனேசியா அகதிகளை ஏற்றதே?

ஏற்றது, விலையோடு. மேற்குத் திமோருக்கு ஓடிய யூ.டி.டி. தலைவர்கள் இந்தோனேசியாவோடு இணையக் கேட்கும் மனுவில் கையெழுத்திட்டார்கள். வற்புறுத்தித்தான் வாங்கினார்கள் என்று பல பதிவுகள் சொல்கின்றன. டிசெம்பர் 7 இல் படையே வந்துவிட்டது.

மட்டக்குளி: நீங்கள் கப்பல் அனுப்புவதென்றால்?

ஏறுபவர்களின் துப்பாக்கியைக் கப்பலின் ஏறுபாலத்திலேயே வாங்கி வைப்பேன். பயணிகள் பட்டியலைக் கரையில் வைத்தே எழுதி, யூ.டி.டி., ஃபிரெட்டிலின், போர்த்துக்கல் என்ற மூன்று தரப்புக்கும் ஒரே பிரதியைக் கொடுப்பேன். அப்புறந்தான் நங்கூரம் தூக்குவது.