மனைவியின் ஊரில் நிலம் வாங்கலாமா? சமோசிர் தீவிலிருந்து ஒரு கேள்வி

பினாங்கிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நான் மலேசியக் குடிமகன். என் மனைவி இந்தோனேசியாவின் தோபா ஏரிக்கு நடுவே உள்ள சமோசிர் தீவில், சிமானிந்தோ பக்கத்துச் சிறு கிராமம் ஒன்றைச் சேர்ந்த பத்தாக் இனப் பெண். ஓய்வுக்குப் பின் அங்கே குடியேறி, நான்கு அறைகள் கொண்ட சிறு விடுதி நடத்த நினைக்கிறோம். குடும்ப நிலத்தில் ஏரியைப் பார்த்த ஒரு துண்டைத் தர மைத்துனர் தயார். வெளிநாட்டவர் வாங்க முடியாது என்பதால் தன் பெயரிலேயே இருக்கட்டும், தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்கிறார். பணம் கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். மைத்துனர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொல்லும் ஏற்பாட்டைச் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி 'ஹக் மிலிக்' எனப்படும் முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. மறைமுகமாக அதை வெளிநாட்டவருக்குக் கைமாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது என்கிறது அதன் 26ஆம் பிரிவு. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. நோட்டரி முத்திரை குத்திய ஒப்பந்தம் கையில் இருந்தாலும் நிலைமை இதுதான்.

உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது: நிலம் உங்கள் மனைவியின் பெயரில் இருக்கட்டும். அதற்கு முன் ஒரு வேலையை முடிக்க வேண்டும். 1974 திருமணச் சட்டப்படி, திருமணத்துக்குப் பின் வாங்கும் சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொது. அப்படியானால் மனைவி வாங்கும் நிலத்தில் வெளிநாட்டவரான உங்களுக்கும் பாதி வந்துவிடுகிறது. ஓராண்டுக்குள் அந்த உரிமையை விட்டுவிட வேண்டும் என்கிறது சட்டம். இதைத் தவிர்க்கத்தான் சொத்துப் பிரிவினை ஒப்பந்தம். முன்பு அதைத் திருமணத்துக்கு முன்னரே எழுதியிருக்க வேண்டும். 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, திருமணமாகி எத்தனை ஆண்டுகள் ஆனாலும் எழுதலாம். நோட்டரியிடம் எழுதிக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். உங்கள் திருமணம் மலேசியாவில் நடந்தது என்றால், அது இந்தோனேசியாவில் பதிவாகியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பலர் தடுமாறும் இடம் அதுதான்.

இதையெல்லாம் ஒரு நல்ல நோட்டரி ஒழுங்காக முடித்துத் தந்துவிடுவார். எனக்குக் கவலை தருவது நிலத்தின் வரலாறு. சமோசிரில் நிலம் தனி ஆளுக்கு உரியதாக இருப்பதற்கு முன் மார்காவுக்கு, அதாவது தந்தைவழிக் குலத்துக்கு உரியது. அந்தக் குலத்தில் பாதிப் பேர் இன்று வட சுமத்திராவின் தலைநகர் மேடானிலும் ஜகார்த்தாவிலும் இருப்பார்கள். அவர்கள் ஊரை மறந்தவர்கள் அல்லர். முன்னோரின் எலும்புகளை எடுத்து நினைவுச் சின்னத்தில் வைக்கும் சடங்குக்குக் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். நிலம் சும்மா கிடக்கும்வரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதில் சுவர் எழும்பிய பிறகுதான் ஜகார்த்தாவிலிருக்கும் பெரியப்பா மகனுக்குத் தன் தாத்தாவின் பங்கு நினைவுக்கு வரும். எனவே மைத்துனர் ஒருவரின் கையொப்பம் போதாது. மாமனாரின் எல்லாப் பிள்ளைகளும், அவருடைய சகோதரர்களின் வாரிசுகளும், நான்கு எல்லையிலும் உள்ள பக்கத்து நிலக்காரர்களும், ஊர்த் தலைவரும் கையெழுத்திட வேண்டும்.

பத்தாக் மரபில் பூர்விக நிலம் ஆண் பிள்ளைகளுக்கே போகும். பெண்ணுக்கும் சம பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே கூறிவிட்டது. ஆனால் கிராமத்தில் தீர்ப்பைக் காட்டிப் பங்கு கேட்கும் பெண் உறவை இழப்பாள். உங்கள் மனைவியை அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள். மரபுக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. திருமணமான மகளுக்குப் பெற்றோர் நிலம் கொடுக்கும் வழக்கத்தைப் 'பவுசெயாங்' என்பார்கள். மாமனார் உயிரோடு இருந்தால், விருந்து வைத்து, ஊர் முன்னிலையில் அந்த முறைப்படி கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு அதையே தானப் பத்திரமாகப் பதியுங்கள். தானமாகவோ மரபுரிமையாகவோ வருவது திருமணச் சட்டப்படி மனைவியின் தனிச் சொத்து. மைத்துனர்களுக்குப் பணம் கொடுக்க விரும்பினால் அந்த விருந்திலேயே வெளிப்படையாகக் கொடுக்கலாம். பத்திரத்தைவிட ஊரார் கண்ணால் பார்த்த அந்த விருந்து உங்களை அதிகம் காக்கும் என்று நான் நம்புகிறேன்.

பத்திரத்துக்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். ஏரிக்கரையில் உயர் நீர்மட்டத்திலிருந்து குறைந்தது 50 மீட்டர் காப்புப் பகுதி. ஏரியைத் தொட்டபடி விடுதி என்ற கனவு இருந்தால் இப்போதே கைவிடுங்கள். பழைய விடுதிகள் அப்படி நிற்பது புதியவருக்கு அனுமதி ஆகாது. அடுத்து, தலைமுறைகளாக உழும் நிலமாக இருந்தும் அரசு வரைபடத்தில் காடு என்று குறிக்கப்பட்ட இடங்கள் தோபா வட்டாரத்தில் உண்டு. அப்படிக் குறிக்கப்பட்ட நிலத்துக்கு நில அலுவலகம் சான்றிதழ் தராது. சமோசிர் மாவட்டத் தலைநகரான பங்குருரானில் உள்ள நில அலுவலகத்தில் மனையின் அளவைக் குறிப்பைக் கொடுத்துக் கேளுங்கள். நிலத்துக்குச் சான்றிதழே இல்லாமல், ஊர்த் தலைவர் எழுதிய கடிதம் மட்டும் இருந்தால், சான்றிதழை விற்பவர் செலவில் வாங்கச் சொல்லிவிட்டு, அது வந்த பிறகு பேசுங்கள். செலவுகள் சிக்கலில்லாதவை: விலைக்கு வாங்கினால் வாங்குபவருக்கு 5 சதவீதம் வரை வரி, விற்பவருக்கு 2.5 சதவீதம், பத்திர அதிகாரிக்கு அதிகபட்சம் 1 சதவீதம்.

இதை முதலீடாகப் பார்க்காதீர்கள். சமோசிரின் துக்துக் பகுதி 1980களிலும் 90களிலும் முதுகுப்பை சுமந்து வந்த மேற்கத்தியப் பயணிகளால் நிறைந்திருந்தது. 1997, 98 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின் அந்தக் கூட்டம் முன்போல் திரும்பவில்லை. பிறகு அரசு தோபாவை முதன்மைச் சுற்றுலாத் தலங்களில் ஒன்றாக அறிவித்துச் சாலைகளும் படகுத் துறைகளும் கட்டியது. 2020இல் யுனெஸ்கோ புவிப்பூங்கா அங்கீகாரமும் கிடைத்தது. இருந்தும் இன்று விடுதிகளை நிரப்புவோர் பெரும்பாலும் மேடான் குடும்பங்கள்தான். அவர்கள் வருவது வார இறுதியிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ரம்ஜான் விடுமுறைகளிலும். நான்கு அறைகளில் கைச்செலவுக்கு வரும், கடனை அடைக்க வராது. விற்கும்போதோ இன்னும் கடினம். குல நிலத்தை அந்நியர் வாங்கத் தயங்குவார், உறவினர் விலை கொடுக்கமாட்டார். திரும்ப வராது போனாலும் தாங்கக்கூடிய பணத்தை மட்டும் போடுங்கள். தொழில் உரிமத்தை மனைவியின் பெயரிலேயே எடுங்கள்; மனைவியின் பொறுப்பில் வதிவிட அனுமதி பெற்ற கணவர் குடும்பப் பிழைப்புக்காக உழைக்கக் குடிவரவுச் சட்டம் இடம் தருகிறது.

வாழ்க்கையைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. ஏரி ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பினாங்கின் புழுக்கத்துக்குப் பின் அந்தக் குளிர்ச்சியை உடம்பு உடனே உணரும். ஆனால் இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் யோசியுங்கள். பங்குருரானில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் மேடான்தான், காரில் ஐந்தாறு மணி நேரம். பங்குருரானில் தீவைக் கரையோடு இணைக்கும் பாலத்தின் வழியே செல்லப் பழகுங்கள். 2018 ஜூன் 18 அன்று சிமானிந்தோவிலிருந்து புறப்பட்ட சினார் பாங்குன் படகு அளவுக்கு மீறிய கூட்டத்தோடு மூழ்கி, 160க்கும் மேற்பட்டோர் கரை திரும்பவில்லை. நெரிசலான படகில் ஏறவே ஏறாதீர்கள்.

ஊரில் உங்கள் இடம் மருமகனின் இடம். மனைவியின் குலத்தார் விருந்து வைத்தால் சமைப்பதும் பரிமாறுவதும் மருமகன் வீட்டார் கடமை. எத்தனை வயதானாலும், எவ்வளவு பணம் கொண்டுவந்தாலும் இது மாறாது. மனமுவந்து செய்பவரை அந்த ஊர் தலையில் வைத்துக் கொண்டாடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மனைவி உங்களுக்கு முன் காலமானால், நிலத்தில் உங்களுக்கு வரும் பங்கை ஓராண்டுக்குள் இந்தோனேசியர் ஒருவருக்கு மாற்றியாக வேண்டும். பிள்ளைகளுக்கும் அப்படித்தான்: இரட்டைக் குடியுரிமையோடு பிறந்தவர்கள் 21 வயதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மலேசியாவைத் தேர்ந்தெடுப்பவர் நிலத்தை வைத்திருக்க முடியாது. யார் இந்தோனேசியராக இருக்கப்போகிறார் என்பதை வீட்டில் பேசிவிட்டு, நோட்டரியிடம் போகும்போது உயிலையும் எழுதிவிடுங்கள். பிள்ளைகளில் ஒருவரும் இந்தோனேசியராக இல்லையென்றால், நிலம் மைத்துனர் வீட்டுக்கே திரும்பட்டும் என்று எழுதுங்கள். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள்.