லிச்சென்ஸ்டைன் இளவரசரின் அதிகாரம்: கேள்வி பதில்

செல்வம்: ஐரோப்பாவின் குட்டி நாடான லிச்சென்ஸ்டைனின் அரச தலைவர் இளவரசர்தானே, பிரிட்டன் அரசரைப் போல இவரும் வெறும் கையெழுத்து போடுபவர்தானா சார்?

இல்லை. நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் இளவரசர் ஒப்புதல் தராவிட்டால் செல்லாது. அவர் மறுப்பதாகச் சொல்லக்கூட வேண்டாம். 6 மாதம் பேசாமல் இருந்தாலே மறுத்ததாகக் கணக்கு. வாக்கெடுப்பில் மக்களே ஏற்ற சட்டத்துக்கும் இதே கதிதான். இந்த அதிகாரத்தைக் குறைக்கலாமா என்று 2012-ல் மக்களிடம் கேட்டபோது 76 சதவீதம் பேர் குறைக்க வேண்டாம் என்றார்கள். 2004 ஆகஸ்டிலிருந்து அரச தலைவர் பொறுப்பைக் கவனிப்பவர் இளவரசரின் மகன் அலோய்ஸ். பட்டம் மட்டும் தந்தை இரண்டாம் ஹன்ஸ் ஆடமிடம்.

கவிதா: அப்படியானால் அவரை நீக்கவே முடியாதா?

இரண்டு வழிகள் உண்டு. பலரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டுக்குமே 1,500 குடிமக்களின் கையொப்பம் வேண்டும்.

முதலாவது, நம்பிக்கையில்லாத் தீர்மானம். வாக்கெடுப்பில் அது வென்றாலும் இளவரசர் தானாகப் பதவி இழப்பதில்லை. விஷயம் அரச குடும்பத்துக்குப் போகும். அவர்கள் தங்கள் குடும்பச் சட்டப்படி முடிவெடுத்து 6 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆகவே இந்த வழிக்கு வலு கொஞ்சம் குறைவு.

இரண்டாவது, முடியாட்சியையே ஒழிப்பது. மக்கள் சரி என்றால் நாடாளுமன்றம் குடியரசு அரசியலமைப்பை எழுதி, ஓராண்டுக்குப் பின், இரண்டாண்டுக்குள் மீண்டும் வாக்கெடுப்புக்கு விட வேண்டும். இளவரசரும் தம் பங்குக்கு ஒரு வரைவை முன்வைக்கலாம். ஆனால் இங்கே அவருடைய மறுப்பு செல்லாது. 2003 திருத்தத்தில் வந்த இந்த ஏற்பாட்டைச் சொல்லாமல் அவரது அதிகாரத்தை மட்டும் பேசுவது அரைகுறை.

ரஹீம்: சாதாரணச் சட்டத்தை மக்கள் எதிர்க்க வேண்டுமென்றால்?

சட்டம் வெளியான 30 நாளுக்குள் 1,000 கையொப்பம் திரட்டினால் வாக்கெடுப்பு நடக்கும்.

மாலதி: தேர்தல் எப்படி?

நாடாளுமன்றத்தில் மொத்தம் 25 இடங்கள்: நாட்டின் இரு தொகுதிகளில் ஓபர்லாந்துக்கு (மேல்பகுதி) 15, உண்டர்லாந்துக்கு (கீழ்ப்பகுதி) 10. ஒரு கட்சியின் பட்டியலை எடுத்துக்கொண்டு, பிடிக்காத பெயரை அடித்துவிட்டு, வேறு கட்சி வேட்பாளரை எழுதலாம். அந்த வாக்கு அவருடைய கட்சிக்குப் போய்விடும், கவனம். நாடளவில் 8 சதவீதம் தாண்டாத கட்சிக்கு இடமில்லை. பெண்களுக்கு நாடளவில் வாக்குரிமை கிடைத்ததே 1984-ல்தான்!

ஜோசப்: வெளிநாட்டவர் குடியுரிமை பெற எத்தனை ஆண்டு?

30 ஆண்டு வசித்திருக்க வேண்டும். 20 வயதுக்கு முன் அங்கே வாழ்ந்த ஆண்டுகள் இரட்டிப்பாக எண்ணப்படும். 10 ஆண்டிலும் கேட்கலாம். ஆனால் அந்த ஊராட்சியின் குடிமக்கள் வாக்களித்து ஏற்க வேண்டும். எந்த வழியில் போனாலும் பழைய குடியுரிமையைத் துறந்தாக வேண்டும், பெரும்பாலானோர் தயங்குவது அங்கேதான்.