கிராஃபிங் கால்குலேட்டர் கட்டுரையைச் செப்பனிடுவது: கேள்வி பதில்

சமன்பாட்டைத் திரையில் வரைபடமாக வரைந்து காட்டும் கால்குலேட்டர்தான் கிராஃபிங் கால்குலேட்டர். அவற்றில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) நிறுவனத்தின் டிஐ-83 வகையைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைகளில் நான் பல வருடங்களாகக் கை வைத்து வருகிறேன். அதே கட்டுரைகளைத் திருத்த முனைந்தவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

கேள்வி: கட்டுரை குப்பையாகக் கிடக்கிறது சார். முழுவதையும் அழித்துவிட்டு நானே புதிதாக எழுதிவிடவா?

வேண்டாம். நீங்கள் அழித்த அரை மணியில் யாராவது பழையதை மீட்டு வைத்துவிடுவார், உங்கள் உழைப்பும் அதோடு போகும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி எடுங்கள். முன்னுரையில் தொடங்குவது நல்லது, பெரிய தவறுகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை இப்படிப்பட்ட கட்டுரையின் முதல் வரியிலேயே “உலகின் முதல் கிராஃபிங் கால்குலேட்டர்” என்று பார்த்தேன். அந்தப் பெருமை 1985இல் வந்த கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜிக்கு உரியது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் முதல் கிராஃபிங் கால்குலேட்டர் டிஐ-81, அது 1990. டிஐ-83 வந்ததோ 1996இல். “முதல்”, “மிகச் சிறந்த”, “புரட்சிகரமான” போன்ற சொற்களைக் கண்டாலே மேற்கோள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தகவற்பெட்டியில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்க அட்டவணையில்) நினைவகம் 32 கிலோபைட் என்று எழுதினேன். ஒருவர் 27 என்று மாற்றினார், நான் திரும்ப 32 ஆக்கினேன். நான்கு நாளாக இதே கதை. யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே சரி. டிஐ-83இல் இருக்கும் நினைவகச் சில்லு 32 கிலோபைட். அதில் ஒரு பங்கை இயக்க மென்பொருள் தனக்கு எடுத்துக்கொள்ள, பயனருக்கு மிஞ்சுவது சுமார் 27. டிஐ-83 பிளஸிலும் ரேம் 32தான், ஆனால் பயனருக்குக் கிடைப்பது 24. “மொத்தம் இவ்வளவு, பயன்பாட்டுக்கு இவ்வளவு” என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் சண்டைக்கு இடமே இல்லை. திரைக்கும் இதே கதைதான். திரை 96-க்கு 64 புள்ளிகள், ஆனால் வரைபடம் விழும் பரப்பு 95-க்கு 63. இரண்டாவது எண்ணைத் தவறு என்று நினைத்துத் திருத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், இந்த மாதிரி எண்களுக்குத் தயாரிப்பாளரின் கையேடே மேற்கோளாகப் போதும். “மாணவர்களுக்கு மிகவும் உகந்தது” என்று அதே கையேடு சொன்னால் அதை மேற்கோளாக எடுக்க முடியாது.

கேள்வி: ஒய் = 1/(எக்ஸ் – 1) வரைந்து பார்த்தேன். நடுவில் இல்லாத ஒரு செங்குத்துக் கோடு வருகிறது. படம் பிடித்துப் போட்டு “இது இந்தக் கருவியின் பிழை” என்று எழுதினேன். நீக்கிவிட்டார்கள். கண்ணால் பார்த்ததை எழுதக்கூடாதா அண்ணா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நீங்கள் பார்த்தது உண்மை, “பிழை” என்று தீர்ப்புச் சொன்னதில்தான் வம்பு.

நடப்பது இதுதான். வழக்கமான அளவில் எக்ஸ் –10 முதல் 10 வரை ஓடுகிறது. வரைபடத்தில் 95 பத்திகள் (மேலிருந்து கீழாக ஓடும் புள்ளி வரிசைகள்), அவற்றுக்கிடையே 94 இடைவெளிகள். எனவே கருவி ஏறக்குறைய 0.2128 தள்ளித் தள்ளித்தான் மதிப்பைக் கணக்கிடுகிறது. எக்ஸ் = 1 என்ற புள்ளி அதன் கணக்கில் வருவதே இல்லை. 0.851இல் ஒய் –6.7, அடுத்த பத்தியான 1.064இல் 15.7. இரண்டையும் அது கோடு போட்டு இணைத்துவிடுகிறது. நீங்கள் கண்ட செங்குத்துக் கோடு அதுதான். கருவியின் ‘ஜூம்’ பட்டியலில் உள்ள ‘இசட்-டெசிமல்’ அளவுக்கு மாற்றிப் பாருங்கள். எக்ஸ் –4.7 முதல் 4.7 வரை, 94 இடைவெளி, ஆகவே படி சரியாக 0.1. இப்போது எக்ஸ் = 1 கணக்கில் வந்து விழும். அங்கே மதிப்பு இல்லாததால் கருவி எதையும் வரையாது, கோடும் காணாமல் போகும். 4.7 என்ற விசித்திர எண் ஏன் என்று யோசித்தவர்களுக்கு விடையும் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

கலைக்களஞ்சியத்தில் சொந்த ஆய்வு கூடாது. ஆனால் 20ஐ 94ஆல் வகுப்பது ஆய்வில் சேராது, எளிய கணக்குக்குத் தடை இல்லை. புள்ளிகளை இணைப்பதால் போலிக் கோடு வரும் என்று விளக்கும் பாடநூல் ஒன்றை மேற்கோள் காட்டி, “பிழை” என்ற சொல்லை எடுத்துவிட்டு, மறுபடி எழுதுங்கள். எழுத வேண்டிய இடமும் டிஐ-83 கட்டுரை அல்ல. இப்படி மாதிரிப் புள்ளிகளை இணைத்து வரையும் எந்தக் கருவியிலும் இது நடக்கும் என்பதால் பொதுவான கிராஃபிங் கால்குலேட்டர் கட்டுரையில் சேருங்கள். டிஐ-84 பிளஸ் சிஇயில் இத்தகைய இடங்களைக் கண்டறிந்து கோட்டைத் தவிர்க்கும் தேர்வு ஒன்று உண்டு. அதையும் ஒரு வரியில் சொல்லலாம்.

கேள்வி: எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று படிப்படியாக எழுதலாமா? அதில் ஓடும் விளையாட்டுகளின் பட்டியல்?

இரண்டும் வேண்டாம். முன்னதற்குக் கையேடுகளும் பாடநூல்களும் எழுதும் விக்கிநூல்கள் தளம் இருக்கிறது. பயனர்கள் இதில் விளையாட்டுகள் எழுதினார்கள் என்பது ஒரு பத்திக்குத் தகுந்த செய்தி, நாற்பது பெயர்களின் பட்டியல் செய்தி ஆகாது.

கேள்வி: 2009இல் நடந்த சாவி விவகாரத்தை எழுதினால் நிறுவனத்துக்கு எதிராக எழுதியது போல் ஆகாதா?

நடந்ததை நடந்தபடி எழுதினால் ஆகாது. டிஐ-83 பிளஸின் இயக்க மென்பொருளுக்குக் கையொப்பமிடும் 512 பிட் ஆர்எஸ்ஏ சாவியை, அதாவது மென்பொருள் நிறுவனத்துடையதுதான் என்று உறுதிசெய்யும் ரகசிய எண்ணை, ஆர்வலர்கள் அந்த வருடம் ஒரு பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரித்துக் கண்டுபிடித்தார்கள். அதை வெளியிட்ட வலைத்தளங்களுக்கு நிறுவனம் பதிப்புரிமைச் சட்டத்தின் பேரில் நீக்கக் கோரிக்கை அனுப்பியது. இணைய உரிமைகளுக்காக வாதாடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் வலைப்பதிவர்கள் பக்கம் நின்றது. இவ்வளவு போதும். “அடாவடி”, “திருட்டு” இரண்டுமே உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. இந்தப் பகுதி கட்டுரையின் பாதியைப் பிடித்துக்கொள்ளாமலும் பாருங்கள், அளவுக்கு மீறி இடம் கொடுப்பதும் ஒரு சார்புதான்.

கேள்வி: ஆங்கிலக் கட்டுரையை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுத் தமிழில் ஏற்றலாமா?

ஏற்றலாம், படித்துப் பார்த்த பிறகு. இப்படி வந்த ஒரு வரைவில் “மேசையைக் காட்டும் வசதி”, “சமன்பாட்டின் வேரைத் தேடும் வசதி” என்று இருந்தது. முதலாவது (ஆங்கிலத்தில் ‘டேபிள்’) அட்டவணை, இரண்டாவது (‘ரூட்’) மூலம். சிரித்து முடித்துவிட்டு உட்கார்ந்து திருத்தினேன். எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தீர்கள் என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பில்) குறிப்பிட மறக்காதீர்கள். உரிமம் அதைக் கேட்கிறது.

கேள்வி: படத்துக்கு நிறுவனத் தளத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாமா? பளிச்சென்று இருக்கிறது.

முடியாது, பதிப்புரிமை அவர்களுடையது. உங்களிடம் கருவி இருந்தால் நீங்களே எடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் கட்டற்ற உரிமத்தில் பதிவேற்றுங்கள். நேர் மேலிருந்து ஃபிளாஷ் போட்டால் திரை வெள்ளையாகிவிடும். ஜன்னல் ஓரத்தில், சற்றுச் சாய்த்து எடுங்கள். திரையில் எளிய வளைகோடு ஒன்று வரைந்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. என் முதல் படத்தில் கருவியை அணைத்தே வைத்திருந்தேன், பேச்சுப் பக்கத்தில் ஒருவர் “பேட்டரி இல்லையா?” என்று கேட்டார்.