குடிநீரும் மலசலகூடமும் ஏன் உலக அபிவிருத்தியின் முன்னுரிமை?

சுத்தமான தண்ணீர் வீட்டுக்கு எட்ட வேண்டும், கழிவு கையிலோ கிணற்றிலோ படாமல் அகல வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஐ.நா. பொதுச்சபை 2010இல் இதை மனித உரிமையாக ஏற்றது. 2030க்கான நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் இது 6ஆவது.

மலத்திலுள்ள கிருமி தண்ணீரில் கலந்தால் வயிற்றோட்டம். அது அடிக்கடி வந்தால் பிள்ளைக்கு எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது, படிப்பும் கெடும். மருந்து மட்டும் கொடுப்பது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போல. அப்புறம், தூரம் நடந்து தண்ணீர் சுமப்பது பெரும்பாலும் பெண்கள்தான். அதற்குச் சம்பளமா கிடைக்கிறது?

கொழும்புக்கு அம்பத்தலையில் களனி கங்கை நீரைச் சுத்திகரித்து, குளோரின் போட்டு அனுப்புகிறார்கள். குழாய் வந்து கொமட்டும் பூட்டினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மலக்குழி நிரம்பி மழைக்கு வடிகானில் வழிந்தால், கக்கூஸ் இருந்தும் சுகாதாரம் இல்லை.